என் சிவப்புப் பேனாவும் ஐந்து தீயணைப்பு வீரர்களும்

ஓய்வு பெற்ற அறிவியல் வாத்தியார் கையில் ஸ்மார்ட்போனைக் கொடுக்கக் கூடாது என்பது என் மனைவியின் கட்சி. அவளும் வாத்தியார்தான், கணக்கு. ஆனால் ஓய்வு பெற்றதும் அவள் மொட்டை மாடியில் தொட்டி வைத்துக் கத்தரிக்காய் போட்டாள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. மயிலாப்பூரில் ஒரே பள்ளிக்கூடத்தில் முப்பத்து மூன்று வருடம் விடைத்தாள் திருத்திய கை இது. காப்பியடித்தவனைக் கண்டுபிடிப்பதில் எனக்கு ஒரு பெயரே உண்டு. தவளையின் இதயத்துக்கு மூன்று அறைதான். ஒரு வருடம் ஒரே வரிசையில் ஐந்து பையன்கள் நான்கு அறை என்று ஒரே வார்த்தைகளில் எழுதியிருந்தார்கள். ஐந்து பேருக்கும் சுழி போட்டேன். இப்போது திருத்த விடைத்தாள் இல்லை, அதனால் உலகத்தைத் திருத்த ஆரம்பித்தேன்.

முதலில் மனிதன் நிலாவுக்குப் போகவில்லை என்று கண்டுபிடித்தேன். அடுத்தது, பாக்கெட் உப்பு விஷம் என்று. ஆறு மாதம் எங்கள் வீட்டில் கல்லுப்புதான். பங்குக் கோயிலில் பூசை முடிந்து நான் வெளியே வருவதைப் பார்த்தால் தெரிந்தவர்கள் பக்க வாசல் வழியாகப் போய்விடுவார்கள். பாதிரியார் ஒருவர்தான் பாவம், அங்கியோடு ஓட முடியாமல் மாட்டிக்கொள்வார்.

கடைசியாக அமெரிக்காவின் இரட்டைக் கோபுரத்தில் வந்து நின்றேன். பயங்கரவாதிகள் விமானத்தைக் கொண்டு மோதினார்கள், கோபுரங்கள் விழுந்தன என்று ஊர் உலகமே நம்பிக்கொண்டிருக்க, உள்ளே குண்டு வைத்துத்தான் தகர்த்தார்கள் என்பது என் தீர்ப்பு. ஆதாரமில்லாமல் பேசுகிறவன் அல்ல நான். அன்றைக்கு உள்ளே போன தீயணைப்பு வீரர்கள் பிறகு கொடுத்த வாக்குமூலங்கள் இணையத்தில் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. மயிலாப்பூர்க் குளத்தருகே ஜெராக்ஸ் கடையில் ஒரு கட்டு எடுத்து ஃபைல் போட்டேன். குண்டு வெடித்தது போலச் சத்தம் கேட்டது என்று எங்கெல்லாம் சொல்லியிருந்தார்களோ அங்கெல்லாம் சிவப்புக் கோடு. ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதோடு ஒத்துப்போகாத இடத்தில் ஓரத்தில் ‘முரண்’ என்று எழுதினேன்.

இதில் ஒரு வேடிக்கை. கடல் தாண்டித் தீயணைப்பு வீரர்களைத் தேடிக்கொண்டிருந்தேனே தவிர, வாராவாரம் என் வீட்டுக்கே ஒருவன் மீன் வாங்கிக்கொண்டு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனான். என் மனைவியின் தம்பி. முப்பது வருடத்துக்கு மேல் தீயணைப்புத் துறையில் இருந்துவிட்டு இப்போது திருவான்மியூரில் இருக்கிறான். ஞாயிறு பூசை முடிந்ததும் பட்டினப்பாக்கம் போய் சங்கராவோ வஞ்சிரமோ பார்த்து வாங்கி, ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு வருவான். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டான்.

அவனிடம் ஒரு பழக்கம் உண்டு. எங்கள் வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஏறும்போதும் இறங்கும்போதும் அவன் கடைசி ஆளாகத்தான் வருவான். “நீங்க முன்னாடி போங்க மாமா” என்பான். கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி, எங்கே படிக்கட்டு இருந்தாலும் இதுதான். மரியாதை என்று எல்லோரும் நினைத்தார்கள். எனக்கு அதிலும் ஒரு சந்தேகம். பின்தங்கி நின்று திருட்டுத்தனமாகச் சிகரெட் பிடிக்கிறான் என்று முடிவுகட்டி, இரண்டு மூன்று தடவை அவன் சட்டையை மோந்துகூடப் பார்த்தேன். மீன் வாசனைதான் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு தட்டில் விழுந்ததும் ஃபைலைத் திறந்தேன்.

“இன்னா மாமா, இன்னிக்கும் கோபுரமா?” என்றான்.

“உன் ஆளுங்களே சொல்லியிருக்காங்க மச்சான். குண்டு வெடிச்ச சத்தம்.”

“நெருப்புல எல்லாம்தான் வெடிக்கும். ட்யூப்லைட் வெடிக்கும், ஏசி மிஷின் வெடிக்கும், செண்ட்டு டப்பா வெடிக்கும். மேல் மாடி இடிஞ்சி கீழ் மாடில வுழுந்தா அதுவும் அப்டித்தான் கேக்கும். கேட்டத கேட்ட மாதிரி சொல்லிக்கிறாங்க. எவனாவது குண்டு வச்சத கண்ணால பாத்தேன்னு சொல்லிக்கிறானா?”

நியாயமான கேள்வி. ஆனால் குழம்பு இறங்கிய பிறகும் அடுப்பை அணைக்காத ஆள் நான். “சத்தத்தை விடு. பக்கத்துல பக்கத்துல நின்னவங்க ஆளுக்கொரு கதை சொல்றாங்களே, அது எப்படி? ஒண்ணு யாரோ சொல்லிக் குடுத்திருக்கணும், இல்ல புளுகியிருக்கணும். கூட உள்ள போனவன் எங்க இருந்தான்னுகூட ஒழுங்கா சொல்லத் தெரியாதவனெல்லாம் என்ன ஃபயர்மேன்?”

மைத்துனன் முள்ளெடுத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினான்.  பிறகு எழுந்து கை கழுவி, “வரேன்க்கா” என்று அக்காவிடம் மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனான். பாதி சாப்பாடு அப்படியே கிடந்தது.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. போன் எடுக்கவில்லை. மூன்றாவது ஞாயிறு என் தட்டில் பாகற்காய்ப் பொரியலும் ரசமும் வந்தன. என் மனைவி கத்துகிற ரகமில்லை, சமைத்தே சொல்லிவிடுவாள். அன்று வாயாலும் சொன்னாள்.

“எங்க அம்மா வீட்ல மிச்சம் இருக்கிறது நானும் அவனும்தான். உங்க கோபுரம் எப்படி விழுந்துதோ எனக்குத் தெரியாது. என் தம்பி இந்த வீட்டுக்கு மறுபடி வரணும். நீங்கதான் கூட்டிக்கிட்டு வரணும்.”

சொல்லும்போது அவள் குரல் நடுங்கியது. நாற்பது வருடத்தில் அப்படி நான் கேட்டதில்லை. எனக்கு உள்ளூரப் பயம் வந்துவிட்டது.

மாதத்தின் முதல் சனிக்கிழமை மத்தியானம் மைத்துனனும் அவனோடு வேலை பார்த்த நால்வரும் திருவல்லிக்கேணியில் ஒரு பிரியாணிக் கடையில் கூடுவார்கள். கல்யாணத்துக்கு முன்னால் பக்கத்து மேன்ஷனில் ஒரே அறையில் பாய் விரித்துப் படுத்தவர்கள். அங்கே போய் மன்னிப்புக் கேட்டுக் கூட்டி வருவதென்று ஏற்பாடு. ஃபைலை என் மனைவி வாங்கி அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டாள். சட்டைப் பையில் இருந்த சிறிய நோட்டையும் சிவப்புப் பேனாவையும் அவள் கவனிக்கவில்லை. நானாகக் காட்டிக்கொடுக்கவும் இல்லை.

என்னைப் பார்த்ததும் மைத்துனன் முகம் சுருங்கியது. மற்றவர்களுக்கு விஷயம் தெரியாது. நகர்ந்து இடம் கொடுத்தார்கள். பக்கத்தில் இருந்தவருக்குக் குரல் கட்டைக் கதவு இழுபடுவது போலக் கரகரத்தது. “உக்காரு நைனா” என்று அவரே எனக்கும் பிரியாணி சொன்னார். முதலில் மன்னிப்பைக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஒருவர், இருபது வருடத்துக்கு முந்தைய தியாகராய நகர்த் துணிக்கடைத் தீயைப் பற்றி எடுத்துவிட்டார். இந்த ஐந்து பேரும் அன்று அங்கே போனவர்கள். என் கை தானாகப் பையிலிருந்த நோட்டை எடுத்தது.

முதலாமவர் மூன்று தடவை வெடித்தது என்றார். இரண்டாமவர் ஒரே தடவைதான், அதுவும் நாங்கள் உள்ளே போவதற்கு முன்னால் என்றார். மூன்றாமவர் வெடிக்கவே இல்லை, ஷட்டர் அறுந்து விழுந்த சத்தம் அது என்று சத்தியம் செய்தார். காலை பத்து மணி என்றார் ஒருவர். சாப்பாட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினோமே, மத்தியானம்தான் என்றார் இன்னொருவர். வாட்ச்மேனைத் தூக்கி வந்தது நான்தான் என்று இரண்டு பேர் சொன்னார்கள். வாட்ச்மேன் தானே நடந்து வந்தார் என்றார் குரல் கரகரத்தவர்.  மைத்துனனைக் கேட்டதற்கு, “பொகதான் ஞாபகம் கீது” என்றான்.

நோட்டு முழுக்க முரண். நான் கனைத்துக்கொண்டேன்.

“தப்பா எடுத்துக்காதீங்க. எல்லாத்தையும் எழுதிப் பார்த்துட்டேன். ஒருத்தர் சொன்னது இன்னொருத்தரோட ஒத்துப்போகல. என் கணக்குப்படி அந்தக் கடைக்கு நெருப்பு வச்சதே நீங்க அஞ்சு பேர்தான்.”

பெஞ்சு ஆடுகிற அளவுக்குச் சிரித்தார்கள். பரிமாறுகிறவர்கூட நின்று பார்த்தார். மைத்துனன் மட்டும் சிரிக்கவில்லை. குரல் கரகரத்தவர் என் நோட்டை வாங்கிப் புரட்டினார். பிறகு திருப்பிக் கொடுத்து, ஒரு விஷயம் விட்டுப்போச்சு, இதையும் எழுதிக்கொள் என்றார்.

“ரெண்டாவது மாடில இருந்து எறங்கறோம். இவன் முன்னாடி, நான் பின்னாடி. கண்ணு தெரியாத பொக. இவன் வெளிய வந்துட்டான். ஆபீசர் கேக்கறாரு, கூட போனவன் எங்கடான்னு. பின்னாடியே வர்றான் சார்ன்னு சொல்லிட்டான். நான் மேல மயங்கி வுழுந்து கெடக்கறேன்.”

நான் மைத்துனனைப் பார்த்தேன். அவன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“கால் சத்தம் கேட்டுச்சு மாமா,” என்றான். “என் பின்னாடி ஒவ்வொரு படியா எறங்கி வர்ற சத்தம். சத்தியமா கேட்டுச்சு.”

“துணி பண்டலு நைனா,” என்றார் அவர். “ரேக்கு எரிஞ்சி, பண்டலு ஒண்ணொண்ணா படில உருண்டுக்கினு கீது. அப்பால ஆள எண்ணிப் பாத்தா ஒண்ணு கொறையுது. எல்லாரும் வேணாம்னு சொல்ல, இவனே திரும்ப ஏறி வந்து என்ன இழுத்துக்கினு போனான். அன்னிக்குப் போன கொரலு திரும்ப வர்ல. வருஷா வருஷம் நான் இத சொல்லி இவன ஓட்டுவேன், இவன் சிரிக்கவே மாட்டான்.” கொஞ்சம் தண்ணீர் குடித்தார். “நீ படிச்சவன். சொல்லு. இவன் பொய்யா சொன்னான்?”

என் கையில் பேனா திறந்தபடியே இருந்தது. கிட்டத்தட்ட நான்கு வாரத்துக்கு முன்னால், மீன் முள்ளோடு அவன் கை நின்றபோது நான் என்ன சொல்லியிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு முழுதாகக் கேட்டது. கூட உள்ளே போனவன் எங்கே இருந்தான் என்று சொல்லத் தெரியாதவன். அதை வேறு யாரிடமாவது சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது. “தெரியாம பேசிட்டேன் மச்சான், மனசுல வச்சுக்காத” என்றேன். பிரியாணி ஆறுது, சாப்பிடுங்க மாமா என்றான். மன்னித்தானா, பேச்சை முடித்தானா என்று அன்று எனக்குப் புரியவில்லை.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். நோட்டையும் மறைக்காமல் கொடுத்தேன். இந்தக் கதை என் மனைவிக்கும் தெரிந்திருக்கவில்லை. சேலை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நோட்டை முதல் வரியிலிருந்து வாசித்தாள்.

“அஞ்சு பேப்பர்லயும் ஒரே பதில், ஒரே வார்த்தைல இருந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?” என்றாள்.

“காப்பி. அஞ்சுக்கும் சுழி.”

“ஆளுக்கொரு மாதிரி எழுதியிருந்தா?”

 அவனவன் தானே எழுதியது என்று அர்த்தம். தப்பாக இருக்கலாம், ஆனால் சொந்தத் தப்பு. தவளைக்கு நான்கு அறை போட்டவர்கள் உட்பட எல்லாப் பையன்களிடமும் முப்பத்து மூன்று வருடம் நான் சொன்ன சட்டம் இது. கோபுரத்துக்குள் போன மனிதர்கள் ஆளுக்கொரு மாதிரி சொன்னதும் அதே சட்டத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஊருக்கு உபதேசம்.

மறுநாள் ஞாயிறு. பூசையிலிருந்து வந்ததும் என் மனைவி மசாலா அரைத்து வைத்துவிட்டு, காய் எதையும் நறுக்காமல் உட்கார்ந்திருந்தாள். அவன் வராவிட்டால் அன்று என்ன சமையல் என்று நான் கேட்கத் துணியவில்லை. பதினொன்றரைக்குக் கீழே ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. சங்கரா மீன். அக்காவிடம் பையைக் கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்து, “நிலாவுக்காவது போனாங்களா மாமா, அதுவும் இல்லியா?” என்றான்.

“அது வேற விஷயம்” என்றேன். நான் ஒன்றும் ஒரே நாளில் திருந்திவிடவில்லை. இப்போதும் வீடியோ பார்க்கிறேன், யாருக்கும் அனுப்புவதில்லை, அவ்வளவுதான். ஃபைல் அரிசி டப்பாவுக்குப் பின்னாலேயே இருக்கிறது. இருவரும் இரண்டாவது முறை குழம்பு வாங்கிச் சாப்பிட்டோம். என் மனைவி நின்றுகொண்டே பரிமாறினாள், உட்காரச் சொன்னால் கேட்கவில்லை.

மூன்று மணிக்கு அவன் கிளம்பினான். வழியனுப்ப நானும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். படிக்கட்டுக்கு வந்ததும் அவன் வழக்கம்போலச் சுவரோரம் ஒதுங்கினான்.

“நீங்க முன்னாடி போங்க மாமா.”

இருபது வருடமாகக் கேட்ட வார்த்தை. அவன் சட்டையை மோந்து பார்த்த மூக்கு எனக்கு எரிந்தது. யாரையும் தனக்குப் பின்னால் விட்டுவிட்டு இறங்க அவனால் முடியாது. அந்தத் தீக்கு அப்புறம் தன் காதை அவன் நம்பவே இல்லை.

நான் முன்னால் இறங்கினேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, என் முழங்கால் அனுமதித்த வேகத்தில், ஒவ்வொரு படியாக. கீழே போய்த் திரும்பி நின்று, “வந்துட்டேன் மச்சான்” என்றேன்.

“பாத்துக்கினுதான் வந்தேன் மாமா” என்றான்.