மேயர் முகத்துக்குப் போன கண்ணாடி

ஒட்னியின் கண் கூர்மையைப் பற்றி அந்த நோர்வேத் தீவில் கதை கதையாய்ச் சொல்வார்கள். மூடுபனிக்குள் வரும் படகைப் பார்த்தே, ஓட்டுகிறவன் யார், காலையில் பெண்டாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டானா என்பதுவரை சொல்லிவிடுவாளாம். பாதியைத் தள்ளிவிட்டு நம்பினாலும் நல்ல கண்தான்.

மீன் ஆலையில் அவளுக்குக் காஸ்டிக் சோடாத் தொட்டியடியில் வேலை. கட்டையாய்க் காய்ந்த காட் மீன் கருவாடு அந்தக் கரைசலில் ஊறி, பிறகு நல்ல தண்ணீரில் நாள்கணக்காக அலசப்பட்டு, தொட்டால் நடுங்கும் லூட்டஃபிஸ்க் ஆகும். அது மேசைக்கு வராவிட்டால் அங்கே கிறிஸ்துமஸே தள்ளிப்போய்விடும்.

நவம்பரில் ஒருநாள் ஊரார் ஆலையைச் சுற்றிப் பார்க்க வருவது வழக்கம். அன்று நல்ல பாதுகாப்புக் கண்ணாடியெல்லாம் விருந்தினருக்கு. வேலை செய்கிறவர்களுக்குப் பழசு. முதலாளி ஸ்டைனாரின் விருந்தோம்பல் அப்படி. அந்த வருஷம் மேயரும் வந்துவிட, ஒரு கண்ணாடி குறைந்தது. மேற்பார்வை பார்த்த ஹல்டிஸ், பள்ளிக்கூட நாளிலிருந்து ஒட்னியின் தோழி. அந்த உரிமையில், ஒட்னியின் கண்ணாடியை ஆணியிலிருந்து எடுத்து மேயருக்குக் கொடுத்துவிட்டு, ரப்பர் விளிம்பு பிய்ந்த ஒன்றை அவளிடம் நீட்டினாள்.

"இது கண்ணாடியா, சல்லடையாடி?"

"கொஞ்ச நேரம் பொறுத்துக்கோடி. மேயர் போட்டோவுக்கு நின்னுட்டுப் போயிடுவாரு. உன் மூஞ்சியை யாரு போட்டோ எடுக்கப் போறா?"

"எடுத்தா கேமரா உடைஞ்சிடும்ங்கறே!"

இருவரும் சிரித்தார்கள். சிரித்த வாய் மூடுமுன் கருவாட்டுக் கட்டு ஒன்று ஒட்னியின் கையிலிருந்து நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. தெறித்த கரைசல் பிய்ந்த விளிம்பு வழியே இடது கண்ணுக்குள் போயிற்று. ஹல்டிஸ்தான் அவள் தலையைக் குழாயடியில் பிடித்துக்கொண்டு, "நான்தாண்டி குடுத்தேன், நான்தாண்டி பாவி!" என்று கதறினாள்.

"அமிலம் மேலே சுட்டுவிட்டு நின்றாலும் நிற்கும். காஸ்டிக் சோடா மாதிரிக் காரம் உள்ளே இறங்கிக்கொண்டே போகும்" என்றார் மருத்துவர். இறங்கித்தான் போனது. இடது கண்ணில் பால் ஊற்றியதுபோல் வெண்மை மட்டும் மிஞ்சியது.

பிறகு தொழிற்பாதுகாப்பு அதிகாரி விசாரிக்க வந்தார். ஹல்டிஸ் இருக்கும்போது நம் வாய்க்கு வேலையில்லை என்று ஒட்னி நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள்.

"கண்ணாடி போட்டிருந்தாங்களா?"

"நெத்தியில ஏத்தி வெச்சிருந்தா" என்றாள் ஹல்டிஸ். "எப்பவும் அப்படித்தான். எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!"

ஸ்டைனார் ஜன்னல் வழியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒட்னி சொன்ன உண்மை, பழியைத் தள்ளிவிடப் பார்க்கிறவளின் பேச்சாகிப் போனது.

நடைவழியில் ஒட்னி ஹல்டிஸை வழிமறித்தாள். "ஏண்டி இப்படிச் சொன்னே?"

"உண்மையைச் சொன்னா என் வேலை போயிடும். உனக்குப் போன கண்ணு திரும்பியா வரப்போகுது?"

கண்ணோடு பேரும் போயிற்று. கடைத்தெருவில் "கண்ணாடி போடாத ஒட்னி" என்றார்கள். அவள் நடந்ததைச் சொன்னால், "ஹல்டிஸ் உன் உயிர்த்தோழியாச்சே, அவ எதுக்குப் பொய் சொல்றா?" என்று கேட்டார்கள்.

டிசம்பரில் ஆலை விருந்து. ஹல்டிஸ் தட்டோடு வந்து அவளுக்கு இடப்பக்கம் தயங்கி நின்றாள்.

"இங்கே உக்காரட்டுமாடி?"

"தாராளமா. அந்தப் பக்கம் யார் இருந்தாலும் எனக்குத் தெரியாது. நீ பண்ணிக் குடுத்த வசதிதானே!"

ஒட்னி நாற்காலியைத் திருப்பி, நல்ல கண்ணால் அவளை நேராகப் பார்த்தாள். "எல்லாரும் இருக்காங்க. இப்ப சொல்லு, என் கண்ணாடி அன்னைக்கு யார் முகத்துல இருந்துச்சு?"

ஹல்டிஸ் ஒருமுறை முதலாளி ஸ்டைனாரைப் பார்த்தாள். பிறகு குனிந்து, ஒட்னியின் தட்டிலிருந்த மீன்மேல் உருக்கிய பன்றிக்கொழுப்பை ஊற்றினாள்.

"ஆறிப்போகுதுடி. சாப்பிடு."

ஒட்னி தட்டை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து வேறு மேசைக்குப் போனாள். கூட ஒருவரும் எழுந்து வரவில்லை.