நீல வாரத்தில் வந்த சிவப்பு

சாயப்பொடி ஆலையின் கலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் தள்ளியவருக்குச் சிவப்பண்ணன் என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. நகக்கண்ணில் ஏறிய சிவப்பு எந்தச் சோப்புக்கும் மசியாது. மகள் கல்யாணப் படத்தில்கூடக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார்.

கூடத்து ஆட்களிடம் ஒரு பழைய கேலி உண்டு. கழிப்பறையிலிருந்து வருகிறவனைப் பார்த்து, "என்னப்பா, சாயம் எறங்குச்சா?" என்பார்கள். சிறுநீர் சிவந்து போனால், விழுங்கிய தூசு வெளியே போகிறது என்று அர்த்தம். அவ்வளவுதான். சிவப்பண்ணனும் சிரித்திருக்கிறார்.

ஆலையில் சிலருக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வந்தது என்று கேள்விப்பட்டு சுகாதார அலுவலகத்து டாக்டரம்மா வந்தார். ஒவ்வொருவரிடமும், "ஒண்ணுக்குப் போறப்ப ரத்தம் வருதா?" என்று கேட்டார். கட்டியோ ரத்தமோ இருந்தால் நோயாளி என்று கணக்கு. சிவப்பண்ணன், "இல்லம்மா" என்றார். பொய் சொல்கிற நினைப்பே அவருக்கு இல்லை.

உணவுக்கூட மேசையில் டாக்டரம்மா ஒரு தாளில் நாலு பெட்டி வரைந்து, கூடத்தில் நோய் உள்ளவர், இல்லாதவர், மூட்டை பக்கம் உள்ளவர், இல்லாதவர் என்று எண்களை எழுதினார். சிவப்பண்ணன் பக்கத்திலேயே நின்றார். மூட்டை தைக்கும் பக்கம் வேலை பார்த்த அவர் மாப்பிள்ளையை வருகிற திங்கட்கிழமை கலவைக்கூடத்துக்கு மாற்றியிருந்தார்கள். "அந்தம்மா பேப்பர் உறுதியா சொன்னா கூடத்தையே மூடறேன். இல்லேன்னா உங்க மாப்பிள்ளை உள்ள வரணும்" என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

"உங்க கூடத்துல இருபத்திநாலு பேர்ல அஞ்சு. மூட்டை பக்கம் அறுபது பேர்ல நாலு. உங்க பக்கம் மூணு மடங்கு" என்றார் டாக்டரம்மா.

"அப்புறமென்ன? மூடச் சொல்லுங்க."

"ஆளு கம்மிண்ணே. இந்த மூணு ஆடுது. நிஜத்துல பத்து மடங்காவும் இருக்கலாம், ஒரு மடங்குக்குக் கொஞ்சம் கீழயும் இருக்கலாம். ஒரு மடங்குன்னா ரெண்டு பக்கமும் சமம். அந்த ஒண்ணு உள்ள இருக்கற வரைக்கும் மேனேஜர் அதைப் பிடிச்சுத் தொங்குவாரு."

"இன்னும் எத்தனை பேர் விழணும்மா?"

டாக்டரம்மா பேனாவை மூடிவைத்தார்.

அந்த வாரம் முழுக்கக் கூடத்தில் நீலம்தான். சிவப்பு மூட்டை ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. சனிக்கிழமை காலை கழிப்பறையில் நின்ற சிவப்பண்ணனுக்கு உள்ளங்கை நீலம், எச்சில் நீலம், மூக்குச் சளியும் நீலம். கீழே போனது மட்டும் சிவப்பு.

வெகுநேரம் கை கழுவினார். பிறகு நேரே மேசைக்குப் போனார்.

"நான் எந்தப் பெட்டிலம்மா இருக்கேன்?"

நோயில்லாத கூடத்து ஆட்கள், பத்தொன்பது. டாக்டரம்மா விரலால் காட்டினார்.

"என்னை எடுத்து அந்தப் பக்கம் போடுங்க." நீலத்தையும் சிவப்பையும் சொன்னார்.

அவர் முகத்தைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா எண்களைத் திருத்தினார். பத்தொன்பது பதினெட்டானது, அஞ்சு ஆறானது. கால்குலேட்டரைத் தட்டினார். "மூணே முக்கால் மடங்கு. கீழ்முனை ஒண்ணைத் தாண்டிருச்சு. இனி ரெண்டு பக்கமும் சமம்னு மேனேஜர் சொல்ல முடியாது."

"அப்ப நேத்து வரைக்கும் கூடம் நல்லாவா இருந்துச்சு?"

"நேத்தும் இதே கூடம்தாண்ணே. நமக்குத்தான் தெரியல."

மாப்பிள்ளை தப்பினான் என்று மனசு ஆறவேண்டும். ஆறவில்லை. "மிச்சம் பதினெட்டு பேரையும் திரும்பக் கூப்பிடுங்க. ரத்தம் வருதான்னு கேக்காதீங்க. நீலம் கலக்கறப்ப என்ன நிறத்துல போகுதுன்னு கேளுங்க."

"கேட்டா மூட்டை பக்கமும் நிறத்தைத்தான் கேக்கணும். அதான் நியாயம்."

"கேளுங்க. மொதல்ல எங்களக் கேளுங்க."

வாசலில் மாப்பிள்ளை புதுக் கையுறையோடு நின்றான். "மாமா, திங்கக்கிழமைக்குக் குடுத்துட்டாங்க."

"திருப்பிக் குடுத்துட்டு மூட்டைய தை போ."

"ஏன் மாமா?"

சிவப்பண்ணன் அவன் தோளைப் பிடித்து மூட்டை பக்கம் திருப்பிவிட்டார். கூடத்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். முதலில் வந்தவன் அவரைப் பார்த்து, "என்னண்ணே, சாயம் எறங்குச்சா?" என்று சிரித்தபடியே உள்ளே போனான்.

டாக்டரம்மா கேள்வியைக் கேட்டார். சிரிப்பு பாதியில் நின்றது. பேனா பதினெட்டை அடித்துப் பதினேழாக்கும் சத்தம் கேட்டது.