செலியமேட்டில் சாத்திய கதவு

பாகூர் ஏரிக்கு எப்படிப் போவது என்று கேட்டிருந்தீர்கள். அந்த வழியை நினைத்தாலே எனக்கு இன்னும் இடுப்பு வலிக்கிறது. நான் போனது எண்பத்தொன்றில், தை மாதம். பாகூரை அடுத்த செலியமேட்டில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை செல்விக்கு முதல் பிள்ளை பிறந்திருந்தது. பதினாறாம் நாள் தாய்மாமன் கையால்தான் தொட்டிலில் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வெள்ளி அரைஞாணை வேட்டி மடிப்பில் முடிந்துகொண்டு கிளம்பினேன்.

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ஒரு பஸ். அங்கிருந்து பாகூருக்கு இன்னொன்று, டிக்கெட் ஒன்றரை ரூபாய். இருபது கிலோமீட்டரை ஒன்றேகால் மணி நேரம் உருட்டினார் டிரைவர், புண்ணியவான். முதல் நாளே உடம்பு கனகனவென்று இருந்தது. பரீட்சைத் தாள் திருத்திய அசதி என்று விட்டுவிட்டேன். நான் விலங்கியல் வாத்தியார், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பாகூரில் இறங்கி டீக்கடையில் உட்கார்ந்தேன். கிளாஸை நீட்ட வந்த கடைக்காரர் அப்படியே நின்றார்.

“இன்னா சார், நெத்தியில முத்து போட்டுக்கீது? அம்மா வந்துகீறாங்க சார். வேப்பல ஒடிச்சிக்கினு வூட்ட பாத்து போ.”

சட்டையை விலக்கிப் பார்த்தேன். மார்பில் நீர் கோத்த கொப்புளங்கள். செல்விக்குச் சின்ன வயதில் அம்மை வந்ததே இல்லை. அவளிடமிருந்து பிள்ளைக்குப் போயிருக்கக்கூடிய காப்பும் இல்லை. பச்சைக்குழந்தைக்கு இது ஒட்டினால் உயிருக்கே ஆபத்து. சொல்லாமல் திரும்பினால் தேடிக்கொண்டு வருவார்கள். வேப்பங்கொத்து ஒன்றை ஒடித்துக் கையில் பிடித்துக்கொண்டு செலியமேட்டுக்கு நடந்தேன்.

எதிரே வந்தவர்கள் கொத்தைப் பார்த்ததும் வரப்பில் இறங்கி ஒதுங்கினார்கள். வகுப்பில் நான் சொல்வதும் இதைத்தான். வைரஸ் புகுந்த செல், வேற்றுச் சரக்கு உள்ளே வந்ததைக் கண்டுகொண்டால் இன்டர்ஃபெரான் என்ற ஒன்றைக் கசியவிடும். அந்த செல் பிழைக்காமலே போகலாம். ஆனால் சேதி எட்டிய பக்கத்து செல்கள், வைரஸ் தன்னை நகலெடுக்க முடியாதபடி தயாராகிவிடும். குறிப்பிட்ட வைரஸுக்கென்று தனி எதிர்ப்பு உருவாக நாளாகும். அதுவரை இந்த முதல் காவல்தான் தாக்குப்பிடிக்கிறது. காய்ச்சல், கைகால் குடைச்சல் எல்லாம் பாதி இந்தக் காவலுக்கு உடம்பு செய்கிற செலவு. அன்றைக்கு என் உடம்பு நன்றாகவே செலவழித்தது, ஒவ்வொரு மைல்கல்லிலும் உட்கார்ந்தேன்.

செல்வி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள்.

“அண்ணா! இன்னா அங்கியே நின்னுட்ட? தொட்டில் கட்டி வச்சிக்கீது, உள்ள வா.”

கொத்தை உயர்த்திக் காட்டினேன். “அம்மைடி! கிட்ட வராத, கதவ சாத்து!”

என்னைப் பார்த்தாள். பிள்ளையைப் பார்த்தாள். படாரென்று சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். உள்ளே அவள் அழுவது கேட்டது. நானும் தெருவில் நின்று அழுதேன், வெட்கமென்ன.

மச்சானுக்குச் சின்ன வயதிலேயே அம்மை போட்டிருந்தது. அவர்தான் என்னைக் கழனியில் மோட்டார் கொட்டகையில் படுக்க வைத்து, கொப்புளம் உதிரும்வரை கஞ்சியும் இளநீரும் கொடுத்தார். பிள்ளையைத் தொட்டிலில் போட்டது யாரோ ஒரு பங்காளி.

சரி, போகிறவர்களுக்கு. மழைக்காலம் முடிந்ததும் போங்கள், ஏரி நிறைந்திருக்கும். குடையும் தண்ணீரும் கையில் இருக்கட்டும். பஸ் நேரத்தை நம்பாதீர்கள். உடம்பு கனகனவென்றால் கிளம்பவே கிளம்பாதீர்கள், கல்யாணமானாலும் காதுகுத்தானாலும்.

பிள்ளைக்கு ஒரு கொப்புளம்கூட வரவில்லை. இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டான். எந்த விசேஷத்துக்குப் போனாலும், “என்னைத் தொட்டில்ல கூட போடாத மாமன் வந்துட்டாரு” என்று பந்தியில் எல்லோருக்கும் கேட்கக் கத்துவான். கத்தட்டும். கத்துவதற்கு அவன் இருக்கிறானே.