அமுக்கினால் எழும்பும் தோல்

கெளுத்தி முள் குத்தினால் கடலுக்குப் போகிற ஆண்பிள்ளைகளே அழுவார்கள். அது என் வலது பாதத்தில் ஏறி, ஒடிந்து, உள்ளேயே இருந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. கழுவிய தரையில் சிவப்பாகக் கோடு விழுந்திருப்பதைப் பார்த்து மகள் கோமதிதான் கேட்டாள்.

"இன்னாம்மா, காலெல்லாம் ரத்தம்?"

"மீன் ரத்தமா இருக்கும்டி" என்றேன்.

கடலுக்கும் ஏரிக்கும் நடுவிலுள்ள லைட்ஹவுஸ் குப்பத்தில் நான் மீன் விற்பவள். விற்காததைக் கருவாடாகக் காயப்போடுவேன். பல வருடமாகச் சர்க்கரை உண்டு. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முள்ளை எடுத்துவிட்டு, கண்ணை மூடச் சொல்லி, தூண்டில் நரம்பு போன்ற ஒன்றால் பாதத்தைத் தொட்டுத் தொட்டுக் கேட்டார். ஒன்றும் தெரியவில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

"இப்ப தெரியுதா?"

"தெரியுது மேடம்."

"நான் இன்னும் வைக்கவே இல்லையேம்மா."

நரம்பு மரத்துப்போதல் (சர்க்கரை கூடி, காலின் உணர்வு நரம்புகள் கெட்டுப்போவது) என்றார். புண் வந்தாலும் வலிக்காது. வலிக்காததால் கவனிக்க மாட்டோம். முற்றினால் காலையே எடுக்க வேண்டிவரும்.

முள் குத்திய புண் ஆறியதும், சோதனை முயற்சியாக ஒரு பொருளைக் கொடுத்தார்கள். மனிதத் தோலைப் பார்த்து அதைப் போலவே செய்த ரப்பர். இழுத்தால் நீளும், விட்டால் பழையபடி சுருங்கும். உள்ளே மயிரிழை போன்ற உணரிகள் (அழுத்தத்தை அளப்பவை). பாதத்தில் ஒட்டிக்கொண்டு நடந்தால், ஒரே இடத்தில் பாரம் அதிகமாகும்போது போன் கூவும். மாலையில் கழற்றி, கால் கழுவி, கண்ணாடி வைத்து அடிப்பாதத்தைப் பார்த்து, காலையில் திரும்ப ஒட்ட வேண்டும்.

அதைத் தொட்டதுமே எனக்குக் குமட்டியது. உரித்த கணவாயின் தோல் போல வழவழவென்று, கையைவிட்டுப் போகாமல் ஒட்டியது. கழற்றும்போது இன்னும் மோசம். என் தோலையே உரிப்பது போல இருக்கும். அடியில் வேர்வையில் ஊறி வெளுத்த பாதம், செத்து மிதக்கும் மீனின் வயிறு மாதிரி. முப்பது வருடமாக மீன் குடலில் கை வைத்தவள் நான். என் காலைப் பார்க்க முடியவில்லை.

ஏலம் நடக்கிற இடத்தில் நின்றால் போன் கூவும். பக்கத்தில் கூடை வைக்கும் தனம் எல்லோரையும் சிரிக்க வைப்பாள். "யக்கா, உன் காலு கூவுது பாரு. பேசாம அதையும் ஏலத்துல வுட்டுடு!" நான் தலை குனிந்து காலை மாற்றி நிற்பேன்.

பிறகு அருவருப்பு தாங்காமல் கழற்றுவதை விட்டுவிட்டேன். மீன் நல்லதா கெட்டதா என்று எப்படிப் பார்ப்போமோ அப்படிப் பார்த்தேன். கட்டைவிரலால் அமுக்க வேண்டும். பள்ளம் அப்படியே நின்றால் கெட்ட மீன், எழும்பினால் நல்ல மீன். தினமும் ரப்பரின் மேலேயே அமுக்கினேன். ஒவ்வொரு நாளும் சட்டென்று எழும்பியது. கோமதி கேட்டபோதெல்லாம் "நல்லாத்தான் கீது" என்றேன்.

கழற்றாமல் விட்ட ஆறாம் நாள் கோமதியோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அறைக்குள் நுழைந்ததும் டாக்டரம்மா ஜன்னலைத் திறந்தார்.

"கருவாட்டு வாடை மேடம். குளிச்சாலும் போவாது" என்று மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னேன்.

அவர் ரப்பரின் ஓரத்தைப் பிடித்து உரித்தார். அதோடு என் தோலும் வந்தது. சுண்டுவிரலுக்கு அடியில் கறுப்பும் பச்சையுமாகக் கூழ். கோமதி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். வராந்தாவில் அவள் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. அந்த வாடை என் வீட்டில், என் பாயில், இத்தனை நாளாக இருந்திருக்கிறது. கருவாடு என்று நினைத்திருக்கிறேன்.

"கண்ணாடி வெச்சுப் பாக்கச் சொன்னேனேம்மா."

"அமுக்கிப் பாத்தேன் மேடம். நல்லா எழும்பிச்சு."

உரித்ததைத் தூக்கிக் காட்டினார். "எழும்பினது ரப்பரும்மா" என்றார்.

அந்தப் பொருளைக் குறை சொல்ல மாட்டேன். பாரத்தைச் சொல்வது அதன் வேலை, சரியாகவே சொன்னது. அடியில் வேர்வையும் ஏரித் தண்ணீரும் தேங்கியதை அது சொல்லாது. அதைப் பார்க்க வேண்டியவள் நான்.

இரண்டு விரல்களை எடுத்தார்கள். கால் தப்பியது. புண் மூடும்வரை கோமதிதான் கட்டு மாற்றினாள். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, என்னைத் திட்டிக்கொண்டே செய்தாள். "ஊருக்கெல்லாம் மீன் செவுளத் தூக்கிக் காட்ற, உன் கால ஒரு வாட்டி தூக்கிப் பாத்தியா?"

புண் ஆறியதும் புது ரப்பர் ஒன்று வந்தது. தனத்தின் கேலியும் பழையபடி வந்தது.

என்னைப் போலக் கால் மரத்தவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அருவருப்பு போகட்டும் என்று காத்திருக்காதீர்கள். எனக்கு இன்னும் போகவில்லை. அருவருப்போடே பாருங்கள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் ரப்பரை உரிக்கிறேன். கண்ணாடியைக் கீழே வைத்து, வெறும் தோலைக் கட்டைவிரலால் அமுக்குகிறேன். விரல் படுவது காலுக்குத் தெரியாது, கண்ணுக்குத்தான் தெரியும். பள்ளம் விழுகிறது. ரப்பரைப் போல என் தோல் சட்டென்று எழும்பாது. மெதுவாக, மிக மெதுவாக மேலே வருகிறது. அதுவரை மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது எழும்பிய பிறகுதான் எனக்கு அன்றைய நாள் முடிகிறது.