ஒரே ஷேர் ஆட்டோவில் ஒரு அடிதடி கேஸ்

போன புதன்கிழமை ஸ்ரீபெரும்புதூர் கோர்ட்டில் நான் சத்தியம் செய்தேன். பயப்படாதீர்கள், நான் யாரையும் அடிக்கவில்லை. மொழிபெயர்க்கப் போயிருந்தேன். 'சாட்சி சொல்வதை உள்ளது உள்ளபடி தமிழில் சொல்வேன்' என்று சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். அன்றிலிருந்து மண்டைக்குள் ஒரே குழப்பம். வீட்டுக்காரரிடம் புலம்பினால் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்கிறார். அதனால் உங்களிடம் கொட்டுகிறேன்...

அப்பா ரயில்வேயில் இருந்ததால் நான் படித்ததெல்லாம் நாக்பூர். படப்பையில் எங்கள் நகரில் இந்தி பேசத் தெரிந்த ஆள் என்றால் என்னைத்தான் கை காட்டுவார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் ஒரு கான்ஸ்டபிள் வந்து கேட்டைத் தட்டினார். "மேடம், ஸ்டேஷன்ல ஒரு பையன் இந்தியில இன்னாவோ சொல்லிக்கினே கீறான். யாருக்கும் புரியல. ஒரு பத்து நிமிஷம் வந்துட்டுப் போயிடுங்களேன்." போனேன். அங்கே பெஞ்சில் தீபேன் உட்கார்ந்திருந்தான்.

அஸ்ஸாம் பையன். ஓரகடத்தில் கார் சீட்டுக்கு உறை தைக்கிற ஒரு கம்பெனியில் வேலை. சின்னக் கண், அகன்ற முகம். சட்டை முழுக்க ரத்தமும் முட்டையும். ஆமாம், முட்டை. கடையில் முட்டை வாங்கிக்கொண்டு ரூமுக்குத் திரும்பும்போது மூன்று பேர் வழிமறித்து அடித்திருக்கிறார்கள். 'சைனாக்காரா, ஊரப் பாத்து ஓடு' என்று சொல்லிச் சொல்லி அடி. தீபேனுக்கு அதில் ஒரு வார்த்தைதான் புரிந்திருக்கிறது... சைனா. இடது காதில் விழுந்த அறையில் செவிப்பறை கிழிந்துவிட்டது. இன்றைக்கும் அந்தப் பக்கம் கேட்காது.

அந்த அறையை விட்டவன் முரளி. எனக்கு அப்போது ஜாக்கெட் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த செல்வியின் மகன்.

முரளி ரவுடி இல்லை. அவர்கள் வீட்டு நிலம் கம்பெனிக்குப் போனது. வேலை தருகிறோம் என்றவர்கள் தந்தது கான்ட்ராக்ட் வேலை. அதையும் ஒரு நாள் 'நாளையிலிருந்து வர வேண்டாம்' என்று நிறுத்திவிட்டார்கள். அதே வாரம் கான்ட்ராக்டர் ஒரு வேன் நிறைய வெளிமாநிலப் பையன்களைக் கொண்டுவந்து இறக்கினார். கோபம் வருமா, வராதா? வரும். ஆனால் தீபேன் அந்த வேனில் வந்தவனே இல்லை! அவன் வேறு கம்பெனி. அதற்கு முன்னாலேயே இங்கே வந்தவன்.

ஜாமீனில் வெளியே வந்த முரளியை வழியில் நிறுத்திக் கேட்டேன். தலையைச் சொறிந்தான்.

"வேற ஆளுன்னு நெனச்சிட்டோம்க்கா. எல்லாம் ஒரே மாதிரி கீறானுங்க. இன்னா பண்றது?"

"சரியான ஆளா இருந்தா அடிக்கலாமாடா?" என்றேன். சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டான்.

அதன் பிறகுதான் ஊர் ரெண்டானது. கம்பெனி பஸ்ஸில் கடைசி வரிசை 'அவங்களுக்கு' என்று ஆகிவிட்டது. யாரும் போர்டு மாட்டவில்லை, தானாக ஆயிற்று. வீட்டு ஓனர்கள் ஒவ்வொருவராக அந்தப் பையன்களை ரூமைக் காலி செய்யச் சொன்னார்கள். பிரச்னை வேண்டாமாம். அடி வாங்கியவனால் பிரச்னை! செல்வி என் ஜாக்கெட் துணியைக் கத்திரி படாமல் திருப்பி அனுப்பினாள். 'போலீஸுக்கு எழுதிக் குடுத்த கைக்கு நான் தைக்க மாட்டேன்' என்று கூடவே ஒரு செய்தி. அம்மா தாயே, நான் எழுதவில்லை, அவன் சொன்னதைத் தமிழில் சொன்னேன்... யார் கேட்கிறார்கள்? இரண்டு வருஷமாகத் தாம்பரம் போய்த் தைத்துக்கொள்கிறேன். ஒன்றாவது ஒழுங்காகப் பொருந்த வேண்டுமே.

கேஸ் கோர்ட்டுக்கு வந்தது. வாய்தா மேல் வாய்தா. இங்கேதான் வேடிக்கை. ஓரகடம் கூட்டுரோட்டிலிருந்து கோர்ட் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் காலையில் ஒரே ஒரு ஷேர் ஆட்டோதான். அடித்தவன், அடி வாங்கியவன், நடுவில் மொழிபெயர்க்க வரும் நான் — எல்லோரும் அதில்தான் ஏறியாக வேண்டும். ஷேர் ஆட்டோவில் உட்கார்வது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். முட்டியோடு முட்டி, யார் மூச்சு யாருடையது என்றே தெரியாது.

முதலில் முரளி டிரைவர் பக்கத்தில் பாதி உடம்பு வெளியே தொங்கிக்கொண்டு வந்தான். ஒரு மழை நாளில் வேறு வழியில்லாமல் உள்ளே வந்தான். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. கோர்ட் எதிரே டீக்கடையில் ஒரு தடவை முரளி டீ வாங்கி ஒரு கிளாஸைத் தீபேன் பக்கம் தள்ளினான். தீபேனும் எடுத்துக் குடித்தான். இன்னொரு வாய்தாவில் முரளி அவனிடம் ஏதோ கேட்டான். பதில் வரவில்லை. சட்டென்று எழுந்து அந்தப் பக்கம் போய், வலது காதுப் பக்கமாக உட்கார்ந்து மறுபடி கேட்டான். சரி, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நானாகவே முடிவு கட்டிவிட்டேன்.

தீபேன் சாட்சி சொல்ல வேண்டிய நாளும் வந்தது. முதல் நாள் செல்வி என் வீட்டு வாசலில் நின்றாள். இரண்டு வருஷம் கழித்து!

"அக்கா, அந்தப் புள்ள எம் பையனக் கை காட்டிட்டா அவன் வாழ்க்கையே போச்சுக்கா. ஜெயிலுக்குப் போனவன எந்தக் கம்பெனி கேட்டுக்குள்ள வுடுவான்? நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பான்."

"நான் எதுவும் சொல்ல மாட்டேன் செல்வி" என்றேன். அழுதாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று ஸ்டேஷனில் தீபேன் சொன்னதும் காதில் இருந்தது. 'இவங்கதான் என்னை அடிச்சாங்கன்னு எல்லார் முன்னாடியும் சொல்லணும் மேடம், அது போதும்' என்றிருந்தான். அதற்காகத்தானே இத்தனை வாய்தாவுக்கும் லீவு போட்டு வந்தான்?

கூண்டில் ஏறினான். நான் அவன் வலது காதருகே நின்றேன். அரசு வக்கீல் கேட்டார்: "உங்களை அடித்தவர்கள் இங்கே இருக்கிறார்களா?" இந்தியில் சொன்னேன். எதிரே முரளியும் மற்ற இருவரும் நின்றார்கள். காலையில்தான் ஒன்றாக ஆட்டோவில் வந்தோம். தீபேன் ஒவ்வொரு முகமாக நிதானமாகப் பார்த்தான். பிறகு பதில் சொன்னான்.

எனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று மறுபடி கேட்டேன். அதையேதான் சொன்னான். சத்தியம் வேறு செய்து தொலைத்திருக்கிறேனே!

"தெரியவில்லை ஐயா. இந்த ஊர்க்காரர்கள் முகமெல்லாம் தனக்கு ஒரே மாதிரி தெரிகிறது என்கிறார்."

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். முரளி சிரிக்கவில்லை. அரசு வக்கீல் பிறழ் சாட்சி என்று சொல்லிவிட்டு, குறுக்கே குறுக்கே ஏதேதோ கேட்டுப் பார்த்தார். அவன் அசையவில்லை. இனி விடுதலைதான் என்று வெளியே வக்கீல்கள் பேசிக்கொண்டார்கள்.

கோர்ட் வாசலில் முரளி என்னிடம் வந்தான். சந்தோஷமாக இருக்க வேண்டியவன் முகம் வெளுத்திருந்தது. "அக்கா, அவனக் கேளுங்க. என்னத் தெரியுமா தெரியாதான்னு கேளுங்க."

நான் இந்தியில் ஆரம்பிப்பதற்குள் தீபேனே இந்த இரண்டு வருஷத்தில் பழகிய தமிழில் பேசினான். "தெரியும்ணா. நல்லாத் தெரியும்."

"அப்புறம் ஏன்டா அப்படிச் சொன்ன?"

"நாளைக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்ணா. பஸ் ஸ்டாப்புக்கு உங்க தெரு வழியாத்தான் நடந்து போணும்."

கோபமாகச் சொல்லவில்லை. யாரோ வழி கேட்டது போல, அவன் வழி சொன்னது போல இருந்தது. முரளி, "நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்டா" என்றான். தீபேன், "சரிண்ணா" என்றான். அந்த 'சரி'க்கு என்ன அர்த்தம் என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள். மன்னித்துவிட்டானா? பயமா? அல்லது 'ஒரே மாதிரி கீறானுங்க' என்றவர்களுக்கு எல்லார் முன்னாலும் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கினானா? மூன்றும் கலந்ததா? டீயும் மழையும் வலது காதும் பொய்யா? முரளியைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. பாவப்பட்டதும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது. காது போனது யாருக்கு?

மறுநாள் செல்வி ஸ்வீட் பாக்ஸோடு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"தங்கமான புள்ளக்கா அவன். பெரிய மனசு. எங்க தெருவுல எல்லாருமே அவனப் பத்தித்தான் பேசிக்கினு கீறாங்க."

"அவன் ரூம் தேடிக்கிட்டிருக்கான் செல்வி. உன் பக்கத்து வூட்டு மாடி காலியாத்தானே இருக்கு?"

சிரிப்பு நின்றது. "அது... வயசுப் பொண்ணுங்க இருக்கற தெருக்கா."

"இப்பத்தானே தங்கமான புள்ளன்னே?"

"ஐய, நல்ல பையன்தான்க்கா. யாரு இல்லன்னா? அது வேற, இது வேற."

அவள் போன பிறகு ஸ்வீட்டைத் திறக்கக்கூடத் தோன்றவில்லை. ஊரே அவனை நல்ல பையன் என்கிறது. கோர்ட்டில் கை நீட்டி இவன்தான் என்று சொல்லியிருந்தால் என்ன பெயர் வைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன்...

பயந்தவனுக்கு நாம் கொடுக்கிற பட்டம்தான் 'நல்ல பையன்' போலிருக்கிறது.