பச்சைக் கேட்டு மிஸ்ஸிக்கு ஒரு கடிதம்

மாலை நான்கு மணி நாற்பது நிமிடம். எங்கள் மலையூரான ரிங்லெட்டின் கடைத்தெருவில் நான் முதலில் பார்த்தது ஒரு வெள்ளைக் கோட்டின் முதுகை. கோட்டுக்காரர் காய்கறி லாரியின் படியில் ஏறி நின்று, ஓட்டுநர் பக்கத்து ஜன்னலுக்குள் தலையையும் ஒரு கையையும் நுழைத்திருந்தார். லாரி நிறைய, மேலேயுள்ள திரிங்காப்பில் ஏற்றிய முட்டைக்கோசுக் கூடைகள்; இங்கே கோபிஸ் என்பார்கள். மூடுபனி இறங்கிவிட்டதால் விளக்கை அப்போதே போட்டிருந்தார்கள். அடிவாரத்துத் தாப்பா வழியாக இறங்கி, எல்லை தாண்டி, விடிவதற்குள் சிங்கப்பூர்ச் சந்தைக்குப் போய்ச் சேரவேண்டிய வண்டி அது. படியில் நின்றவர் எங்கள் தேயிலைத் தோட்டத்து டிரெசர். தோட்ட மருந்தகம் அவர் பொறுப்பு. டாக்டர் வாரம் ஒரு முறை வருவார். மற்ற நாட்களில் காய்ச்சல், வெட்டுக்காயம், பிரசவம் எல்லாம் டிரெசர் கையில்தான். எழுபதுகளின் பிற்பகுதி அது. நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். ஒரு நாளிதழுக்குச் செய்தியும் எழுதி அனுப்பிவந்தேன். டிரெசர் லாரிப் படியில் நின்றால் அதில் ஏதோ இருக்கும் என்று அருகில் போனேன்.

"நான் கோபிஸ் ஏத்துற ஆளு, டிரெசர். கடுதாசி ஏத்தணும்னா தபால்காரன்கிட்ட போங்க லா" என்றார் ஓட்டுநர்.

"தபால்காரனுக்கு அட்ரஸ் வேணும். எங்கிட்ட அட்ரஸ் இல்ல. அதான் உன்கிட்ட வந்தேன்."

"அட்ரஸ் இல்லாத கடுதாசியா? யாருக்கு, சாமிக்கா?"

"சாமிக்குன்னா கோயில்லயே போட்டிருப்பேன். இது ஒரு மிஸ்ஸிக்கு."

மருத்துவமனைத் தாதியை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். உறையின் மேல் டிரெசரின் அச்சுப் போன்ற கையெழுத்தில் இப்படி இருந்தது: 'பச்சைக் கேட்டு கிளினிக், மீன் மார்க்கெட்டுக்கு எதிரில், தமிழ் பேசும் மிஸ்ஸிக்கு.' ஓட்டுநர் அதை இரண்டு முறை படித்தார். "மீன் மார்க்கெட் தெரியும். வாசல் கேட்டு பச்சையா சிவப்பான்னு பார்த்ததில்ல" என்று சொல்லி, உறையைச் சூரியத் தடுப்பின் இடுக்கில் செருகிக்கொண்டார்.

அந்தக் கடிதத்துக்குக் காரணம் எங்கள் கங்காணியின் மருமகன். சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்தவர். வேலை பெர்மிட் முடிந்து இருமலோடு திரும்பியிருந்தார். பக்கத்து ஊர் தானா ராத்தா மருத்துவமனையில் சளியைப் பார்த்துவிட்டு காசநோய் என்றார்கள். தினமும் ஊசியும் மாத்திரையும் என்று முடிவாகி, முதல் ஊசிக்குத் தோட்ட மருந்தகத்துக்கு வந்தார். அன்று நடந்ததை டிரெசர் பிறகு என்னிடம் விவரித்தார். முதல் ஊசிக்கு வருகிறவன் இடுப்பை இறுக்குவான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழிப்பான். மருமகனோ, டிரெசர் சொல்வதற்கு முன்பே மேசையைப் பிடித்து, ஒரு காலில் மட்டும் பாரம் கொடுத்து, மற்றப் பக்கத்தைத் தளர்த்தி நின்றாராம். டிரெசர் மருந்தேற்றிய ஊசியைத் தட்டில் திரும்ப வைத்தார்.

"உனக்கு இது பழக்கமான ஊசி. எங்க போட்டே?"

மருமகன் ஒப்புக்கொண்டார். சிங்கப்பூரில் சில மாதங்கள் போட்டிருக்கிறார். வேலையிடம் மாறியபோது விட்டுவிட்டார். வெளியே சொன்னால் மறுபடி பெர்மிட் கிடைக்காது என்பது அவருடைய பயம். அவர் அனுப்பிய பாதிச் சம்பளத்தை நம்பித்தான் மலையில் மனைவியும் மூன்று மாதக் குழந்தையும் இருந்தார்கள்.

"பெர்மிட்டு உயிரோட இருக்கிறவனுக்குத்தான் லா குடுப்பான்" என்றார் டிரெசர்.

விஷயம் அவ்வளவு எளிதல்ல என்று அவருக்குத் தெரியும். பாதியில் விட்ட மருந்துக்குக் கிருமி பழகியிருந்தால், அதே மருந்தைத் திரும்பக் கொடுப்பது வீண்; அதற்குள் குழந்தைக்கும் தொற்றிவிடும். ஊசி அளவு மீறினால் காது போய்விடும். என்ன கொடுத்தார்கள், எத்தனை நாள், கடைசிச் சோதனை என்ன சொன்னது, எல்லாம் சிங்கப்பூரில் ஒரு சிகிச்சை அட்டையில் இருந்தன. கிளினிக்கின் பெயர் மருமகனுக்குத் தெரியவில்லை; பச்சைக் கேட்டும் மீன் மார்க்கெட்டும் தமிழ் பேசிய மிஸ்ஸியும்தான் நினைவில் இருந்தன. டாக்டரைக் கேட்டு ஊசியை நிறுத்திவைத்த டிரெசர், அட்டையைக் கேட்டு முறைப்படியும் எழுதினார். அந்தக் கடிதம் தோட்டத்திலிருந்து மாவட்டம், மாநிலம், தலைநகர் என்று படியேறி, எல்லை தாண்டி, மறுபக்கம் அதே போன்ற படிகளில் இறங்கவேண்டும். யாரும் சோம்பேறிகள் அல்ல, படிகள்தான் அதிகம். முட்டைக்கோசு மட்டும் தினமும் அதே எல்லையை ஓர் இரவில் தாண்டிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் ஓட்டுநர் வெறுங்கையோடு வரவில்லை, அட்டையோடும் வரவில்லை. "மிஸ்ஸி இல்ல அது, போலீஸ்" என்று உறையை நீட்டினார். "ஒரு மணி நேரம் நிக்க வெச்சு, யாரு, எவருன்னு கேட்டாங்க. கேட்டு பச்சைதான்." உள்ளே நான்கு வரி. நோயாளியின் விவரத்தை லாரி ஓட்டுநரிடம் தருவதற்கில்லை. தரலாம் என்று நோயாளியே எழுதிக் கையெழுத்திட்டால், என் மேலதிகாரியிடம் அனுமதி வாங்கி, மூடி முத்திரையிட்டுத் தருவேன். டிரெசர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "கேட்டவுடனே குடுத்திருந்தா இவளை நம்பியிருக்க மாட்டேன்" என்றார்.

கையெழுத்துதான் சிக்கலானது. தன் பெயரைத் தன் கையாலேயே எழுதி, எந்த ஊருக்குத் தெரியக்கூடாது என்று நோயை மறைத்தாரோ அந்த ஊருக்கே அனுப்பவேண்டும். மருமகன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் மருந்தகப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் காலை, பறித்த தேயிலைக் கொளுந்தை நிறுக்கும் நேரத்தில், மனைவியோடு மருமகனும் நின்ற மலைச்சரிவுக்கே டிரெசர் போனார். நானும் உடன் இருந்தேன். கொளுந்துக் கூடையை இறக்கிவைத்த மனைவி எல்லோர் முன்னிலும் கணவனைப் பார்த்துக் கேட்டாள்:

"பெர்மிட்டு போனா என்ன, வானமா இடிஞ்சிரும்? நான் கொளுந்து எடுக்கலையா? புள்ளைய உன்கிட்டேர்ந்து தள்ளிப் போட்டுப் படுக்கிறேனே, அது உனக்குத் தெரியுதா இல்லையா?"

கூடைகளின் வரிசை அப்படியே நின்றது. சுற்றியிருந்த பெண்களில் யாரும் சிரிக்கவில்லை. மருமகன் பையிலிருந்து தாளை எடுத்து, நிறுவைத் தராசின் பலகை மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். டிரெசர் மசி காயும்வரை ஊதினார். அன்று மாலை உறை மறுபடி லாரி ஏறியது.

அட்டையின் நகல் இரண்டாம் நாள் வந்தது. மாத்திரைகளில் ஒன்று இனிப் பயன்படாது என்று கடைசிச் சோதனையில் எழுதியிருந்தது. டாக்டர் மருந்தை மாற்றினார். மிஸ்ஸி கூடவே ஒரு கேள்வியும் அனுப்பியிருந்தார்: கட்டட வேலைக்காரர்கள் தங்கிய கொங்சியில் இவருக்கு இரு பக்கமும் படுத்தவர்கள் யார்? மருமகன் நான்கு பெயர் சொன்னார். இருவர் சிங்கப்பூரிலேயே இருந்தார்கள். அவர்களை மிஸ்ஸி பார்த்துக்கொண்டார். மற்ற இருவர் பக்கத்துப் பேராக் மாநிலத் தோட்டங்களுக்குத் திரும்பியிருந்தார்கள். அங்கிருந்த டிரெசர்களுக்கு எங்கள் டிரெசர் எழுதினார். திரும்பிய அந்த இருவரில் ஒருவருக்கு நோய் ஆரம்ப நிலையில் இருந்தது. எல்லையின் இரு பக்கமும் முகம் பார்க்காத இரண்டு பேர், ஒருவர் தொடங்கியதை மற்றவர் முடித்தார்கள். அதற்குப் பிறகும் வருடக்கணக்கில், வேலைக்குப் போவோரும் திரும்புவோரும் இருந்தவரை, உறைகள் போய்வந்தன.

இதைச் செய்தியாக எழுதட்டுமா என்று டிரெசரை ஒருமுறை கேட்டேன். "எழுதுங்க வாத்தியாரே. அவனுக்கு பெர்மிட்டு போகும், லாரிக்காரனுக்கு லைசென்ஸ் போகும், எனக்கு வேலை போகும். உங்களுக்கு மட்டும் பேரு வரும்" என்றார். எழுதவில்லை. எண்பதுகளில் எங்கள் நாட்டுச் சுகாதார அதிகாரிகளும் பக்கத்து நாட்டு அதிகாரிகளும் தானா ராத்தா ஓட்டல் ஒன்றில் கூடி, நோயாளி நாடு மாறினால் அவருடைய அட்டையும் பின்தொடர ஒரு படிவம் வேண்டும் என்று பேசினார்கள். அந்தக் கூட்டத்தை எழுதினேன். முதல் பக்கத்தில் வந்தது. படிவமும் பிறகு வந்தது, நல்ல படிவம். டிரெசர் அதில் ஒரு கட்டத்தையும் விடாமல் நிரப்பித் தபாலில் அனுப்புவார். நகலை லாரியில் அனுப்புவார். இன்று கணினியில் அந்த அட்டை ஒரு நொடியில் எல்லை தாண்டுவதாகச் சொல்கிறார்கள். நல்லது. மேசையைப் பிடித்து நிற்கும் விதத்தைப் பார்த்து, ஊசியைத் தட்டில் திரும்ப வைக்க, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆள் இருக்கவேண்டும்; இருப்பார்கள் என்றே நம்புகிறேன்.

மாற்றிய மருந்தை முடித்தபோது மருமகனின் சளியில் கிருமி இல்லை என்று வந்தது. குழந்தைக்கு நோய் தொற்றவில்லை. அவர் சிங்கப்பூர் பெர்மிட்டுக்கு மூன்று முறை விண்ணப்பித்தார். காசநோய் இருந்ததா என்ற கேள்விக்கு மூன்று முறையும் 'ஆம்' என்று எழுதினார். மூன்று முறையும் பெர்மிட் வரவில்லை.