சிவப்புக் கரைக்கு நான் வைத்த பெயர்

ஆசியா உம்மா மௌத்தாகிவிட்டார். சென்ற வெள்ளிக்கிழமை காலை, மருதமுனையில், தன்னுடைய வீட்டில். மார்புச் சளி என்று மூன்று நாள் படுத்திருந்தாராம். எனக்கு அது தெரியாது. ஜும்ஆத் தொழுகைக்காகக் கல்முனையில் என் துணிக்கடையைப் பலகை போட்டு அடைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய மருமகன் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு வந்து, "மாமி மௌத்தாகிட்டா, முதலாளி. அசறுத் தொழுகைக்குப் பொறகு அடக்கம்" என்றார். முதலில் எனக்கு வந்தது துக்கம் அல்ல. இனிமேல் அவரிடம் கேட்க முடியாது என்ற எண்ணம்தான் வந்தது.

அவருடைய தறி வேலையைப் பற்றி என்னைவிட மருதமுனைக்காரர்களாகிய நீங்கள் நன்றாகச் சொல்வீர்கள். உங்களுக்குத் தெரியாததை மட்டும் நான் எழுதுகிறேன்.

நான் துணி வாங்கும் முறை எல்லோருக்கும் தெரியும். வெயிலில் விரித்துப் பிடிப்பேன், பெருவிரலால் அழுத்துவேன், ஒரு குற்றம் சொல்வேன், விலையைக் குறைப்பேன். முதல்முறை ஆசியா உம்மா நெய்த சாரனை, ஆண்கள் இடுப்பில் உடுத்தும் துணியை, விரித்துப் பிடித்து, "இழை கொஞ்சம் ஐதாக் கிடக்கே" என்றேன். கதவுக்குப் பின்னால் நின்றவர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தார். "எண்ணிப் பாருங்க, முதலாளி. நூலப் பொய் சொல்ல வைக்க ஏலா. மனிசனத்தான் வைக்கலாம்." நான் எண்ணவில்லை. அவர் சொன்ன விலைக்கே வாங்கினேன். அதன் பிறகு அவருடைய துணியை வெயிலில் விரித்ததே இல்லை.

சூறாவளி அடித்த அடுத்த வருடம். வெளிநாட்டுத் துணி கடை கடையாக வந்து குவிந்திருந்தது. கைத்தறிச் சாரனை எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பெயர் இல்லாத துணி பஜாரில் விலைபோகாது. படப் பெயர், பாட்டுப் பெயர் என்று நாங்கள் எதையாவது வைப்போம். அந்த நாட்களில் பஸ் நிலையத்தில் ஒருவன் பாட்டுப் புத்தகம் விற்றுக்கொண்டு நின்றான். வெள்ளைக்காரன் காலத்தில் மேற்கே வயலிலிருந்து மாட்டுவண்டியில் திரும்பிய புருசனையும் பெண்சாதியையும் மூன்று பேர் வெட்டிக் கொன்ற கதை அது. கொன்றவர்கள் தூக்குமேடைக்குப் போனார்கள். வண்டிக் கொலை என்றால் இந்தக் கிழக்குக் கடலோரம் முழுவதும் தெரியும். புருசன் மடியில் காசு வைத்திருந்ததைப் பெண்சாதிதான் கள்ளருக்குச் சொன்னாள் என்று பாட்டில் வரும். கோட்டு விசாரணையில் அப்படி ஒரு பேச்சே எழவில்லை என்று வழக்கைப் பார்த்த பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் பாட்டுக்குத்தான் சனம் கூடியது.

ஆசியா உம்மாவிடமிருந்து கறுப்பில் கடும் சிவப்புக் கரை போட்ட சாரன்கள் வந்திருந்தன. என் கடை வாசலில் கூவி விற்கும் ஹனீபா அதில் ஒன்றை உதறி, சிவப்பை எனக்குக் காட்டி, "காக்கா, இது வண்டிக் கொலைதான்" என்றான். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு பெயர் நின்றுவிட்டது.

"வாங்க, வாங்க, வண்டிக் கொலைச் சாரன்! உடுத்திட்டுப் போங்க, ஊரே கதைக்கும்!"

"என்னகா பேர் இது, கேக்கவே பயமா இரிக்கி" என்றாள் ஒருத்தி.

"உடுக்கப்போறது ஒங்கட மனிசன். நீங்க ஏன் ராத்தா பயப்பிடுற?"

அவளும் சிரித்துக்கொண்டு இரண்டு வாங்கினாள். ஒரு கிழமையில் முழுவதும் தீர்ந்தது. இன்னும் நாலு டசன் வேண்டும் என்று மருதமுனைக்கு ஓடினேன். ஆசியா உம்மாவுக்குச் சந்தோசம். "நல்ல பேர் வெச்சிரிக்கயள் போல" என்றார். "ஓம், பஜார்ப் பேர்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நோன்புப் பெருநாளுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. நிறைய வயல் வைத்திருக்கும் வயதான போடியார் ஒருவர் கடைக்கு வந்தார். சாரனைப் புரட்டிப் பார்த்து, "இது ஆர் நெய்த?" என்று கேட்டார். சொன்னேன். கையிலிருந்ததை மேசையில் வைத்துவிட்டார்.

"அந்த வண்டியில போன ரெண்டு பேர்ட மகள்தானே அவ. காய்ச்சலெண்டு புள்ளயப் பெரியும்மாக்கிட்ட விட்டுட்டுப் போனதால தப்பினது. அவட கையால நெய்ய வெச்சு, அதுக்கு இந்தப் பேரா? ஒங்களுக்கு நல்ல நெஞ்சுதான், முதலாளி."

அதுவரை எனக்குத் தெரியாது. இதை அல்லாஹ்வை முன்வைத்துச் சொல்வேன். ஆனால் அதற்குப் பிறகு பதினொரு நாள் எனக்குத் தெரியும். பெருநாள் வியாபாரம் வருடத்தில் ஒருமுறை. பெயரை எடுத்தால் சாரன் நின்றுவிடும் என்று நினைத்தேன். ஹனீபாவிடம் ஒரு சொல் சொல்லவில்லை. அவன் கூவினான், நான் வெட்டினேன், மடித்தேன், கொடுத்தேன்.

பெருநாளுக்கு முதல் நாள் பகல், பேத்திக்குச் சட்டைத்துணி எடுக்க ஆசியா உம்மா கல்முனைக்கு வந்தார். கடை வாசலில் நின்றார். ஹனீபாவுக்கு அவரைத் தெரியாது. அவருடைய முகத்துக்கு நேரே உதறிக் கூவினான். அவர் அதைக் கையில் வாங்கினார். கரையைத் தடவிப் பார்த்தார். தன் வேலை என்று தெரிந்துகொண்டார். பிறகு நேரே என்னிடம் வந்தார்.

"இதில ஒண்டு எனக்கு வேணும். பில் போடுங்க."

"என்ன உம்மா இது, சும்மா கொண்டு போங்க..."

"பில் போடுங்க, முதலாளி."

எழுதினேன்: சாரன், ஒன்று.

"பேரை எழுதல்லியே. வாசல்ல அவ்வளவு சத்தமாச் சொல்றயள், கடதாசியில எழுத ஏலாதா?"

பேனாவை மூடி வைத்தேன். கடை நிறைய ஆட்கள்.

"நான் ஆர்ட மகளெண்டு எப்ப இருந்து தெரியும் ஒங்களுக்கு?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "பதினொரு நாளா" என்றேன்.

"பதினொரு நாளா" என்று அவரும் சொன்னார். காசை எண்ணி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பெருநாள் கழிந்து நான் போனபோது தறி சும்மா நின்றது. மிச்சச் சாரன்களைத் திருப்பிக் கொண்டுபோயிருந்தேன். அவர் தொடவில்லை. நான் ஏதேதோ பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"எங்கட உம்மாக்கு ஒரு பேர் இரிக்கி. சபுறா உம்மா. பாட்டுல கெட்டவ எண்டு இரிக்கி, கோட்டுல வண்டிக்காரன்ட பொஞ்சாதி எண்டு இரிக்கி. பேர் ஒரு இடத்திலயும் இல்ல. நானும் வெளியில சொல்லாமத்தான் இருந்தன். சொன்னா என்ட மகளுக்கு மாப்பிள்ள வரமாட்டான் எண்டு அப்ப பயம்."

நான் வியாபாரி. எனக்குத் தெரிந்த பரிகாரம் ஒன்றுதான். "அப்ப அந்தப் பேரையே சாரனுக்கு வெப்பமா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றுவரை நான் மறக்கவில்லை.

"ரெண்டாந்தரமும் என்ட உம்மாவ விக்கப்போறயளா?"

எழுந்தேன். வாசலில் நின்று, "என்னைப் பொருந்திக்கொள்ளுங்க" என்று மன்னிப்புக் கேட்டேன்.

"அது நான் தாற சாமான் இல்ல. உம்மா தரணும்" என்றார். பிறகு, நான் செருப்பை மாட்டும்போது, "அடுத்த மாசம் நூல் அனுப்புங்க. சிவப்பு அனுப்ப வேணாம்" என்றார்.

அன்றிலிருந்து போன மாதம்வரை எனக்கு நெய்தார். தேத்தண்ணி தராமல் ஒருநாளும் அனுப்பியதில்லை. அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. பொருந்திக்கொண்டாரா இல்லையா என்று பலமுறை கேட்க நினைத்தேன். அவர் வாயில் இல்லை என்று வந்துவிடுமோ என்று பயந்தேன்.

வெள்ளிக்கிழமை ஜனாஸாத் தொழுகைக்கு முன் மருமகன் எழுந்து, "மாமிக்கிட்ட ஆருக்கும் கொடுக்கல் வாங்கல் இரிந்தா எங்ககிட்டச் சொல்லுங்க" என்று வழமைபோல் கேட்டார். மையித்தாகக் கிடப்பவரிடமிருந்து நமக்கு வரவேண்டியதைக் கேட்பதற்குத்தான் அந்த இடம். நாம் மையித்துக்குச் செய்ததைச் சொல்ல அங்கே இடமில்லை. இருந்தாலும் எழுந்து சொல்லியிருக்கலாம். முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். மற்றவர்களோடு தொழுகைக்குத்தான் எழுந்தேன். அன்று சொல்லாததை இப்போது உங்கள் எல்லோருக்கும் முன்னால் எழுதுகிறேன்.

இறந்தவருக்காக ஓதும் மூன்றாம் நாள் கத்தத்தன்று மகள் ஜெஸீமாவிடம், தறி தொடருமா என்று மருமகன் மூலம் கேட்டேன். ஜெஸீமாவே திரைக்குப் பின்னால் வந்து நின்று பேசினார். தாயின் குரல்தான். உம்மா எல்லாம் சொல்லியிருக்கிறா என்றார். நிபந்தனைகளைச் சொல்லி நெய்வதற்குச் சம்மதித்தார், நான் ஒரு சொல்லும் பேரம் பேசவில்லை. ஆசியா உம்மாவிடமிருந்து இனி என்னிடம் இருக்கப்போவது இந்த ஒப்பந்தம்தான்: சாரன் ஒன்றுக்குப் பழைய விலை. சிவப்புக் கரை இல்லை. துணிக்குப் பெயர் இல்லை. யார் நெய்தது என்று எவர் கேட்டாலும், கடையில் எத்தனை பேர் நின்றாலும், சத்தமாக நான் சொல்லவேண்டும்: சபுறா உம்மாவின் மகள் ஆசியா உம்மாவின் மகள் ஜெஸீமா.